காற்று மட்டும் போதுமா? மிம்பரில் சொல்லப்படாத மகரந்தப் பாடம்

 

சூலுறச் செய்யும் காற்றுகளை அல்லாஹ் அனுப்புவதாகத் திருக்குர்ஆனின் அல்-ஹிஜ்ர் அத்தியாயம் 22ஆம் வசனம் கூறுகிறது. அண்மையில் ஒரு ஜும்ஆவில் இவ்வசனத்தை ஓதிய பேச்சாளர், செடிகளிலும் ஆண், பெண் உண்டு என்பதை ஐரோப்பியர் 1694இல்தான் கண்டுபிடித்தார்கள், நமக்கோ 1400 ஆண்டுகளுக்கு முன்பே தெரியும் என்று முழங்கினார். ஜமாஅத்தார் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம்.

மறுநாள் மதரஸாவில் ஒரு மாணவர் கேட்டார்: “ஹஜ்ரத், எங்கள் பரங்கித் தோட்டத்தில் காற்று நன்றாகத்தான் வீசுகிறது. பிறகு ஏன் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது?”

மேல்மலையனூர்ப் பகுதியில் உழவை நம்பி வாழும் ஒரு குடும்பத்தின் கேள்வி அது. அதற்கு நம்மிடம் விடையில்லை. நாம் பெருமையைத்தான் கேட்டு வந்திருந்தோம், கல்வியை அல்ல.

விடையைப் பின்னர் கற்றுக்கொண்டோம். பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் நடுவே சூலகமுடி இருக்கிறது. மகரந்தத்தை ஏற்கும் இடம் அதுவே. பரங்கிப் பூ ஃபஜ்ர் நேரத்தையொட்டி மலர்ந்து, ளுஹருக்கு முன்பே சுருங்கிவிடும், மறுபடி விரியாது. அந்தச் சில மணி நேரத்துக்குள் போதிய மகரந்தம் சூலகமுடியில் ஒட்டியாக வேண்டும். தவறினால் அடியிலுள்ள பிஞ்சு மஞ்சளித்து உதிரும். பரங்கியின் மகரந்தமோ கனமானது, பிசுபிசுப்பானது. அதைக் காற்று சுமப்பதில்லை, தேனீ சுமக்கிறது. அந்தத் தோட்டத்தில் காலை வேளையில் பூச்சி மருந்து தெளித்து வந்தார்கள். பூ திறந்திருந்தது, தேனீதான் வரவில்லை.

காற்றால் சூலுறும் பயிர்கள் உண்டு; மக்காச்சோளமும் கம்பும் அவ்வாறானவை. நிலக்கடலையோ பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தாலேயே சூலுற்று, ஊசியை மண்ணுக்குள் இறக்குகிறது. படைத்தவன் வைத்த ஏற்பாடுகள் பல. ஒரு வசனத்தைக் கொண்டு அவை அனைத்தையும் ‘காற்று’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது வசனத்துக்குச் செய்யும் மரியாதை அல்ல. முற்கால விரிவுரையாளர்களே அவ்வாறு அடைக்கவில்லை. அக்காற்று மேகங்களைச் சூலுறச் செய்து மழை தருவதையும் அவர்கள் எழுதினார்கள். வசனத்தின் தொடர்ச்சியும் மழையைப் பற்றியதே.

‘நமக்கே முதலில் தெரியும்’ என்ற வாதமும் நிற்காது. ஈசா நபிக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டத்தொகுப்பிலேயே பேரீச்சந் தோப்பில் மகரந்தம் சேர்க்கும் தோட்டக்காரரைப் பற்றிய விதி இருக்கிறது. மதீனாவின் அன்ஸார்களும் தொன்றுதொட்டு அதைக் கையாலேயே செய்துவந்தார்கள்.

அந்த மதீனாவில் நடந்ததை நம் பேச்சாளர்கள் ஏனோ மிம்பரில் அதிகம் சொல்வதில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. ஆண் மரத்தின் பூவைப் பெண் மரத்தின் பாளையில் சேர்ப்பவர்களைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதனால் பயன் இருக்கும் என்று தாம் எண்ணவில்லை எனக் கூறினார்கள். தோழர்கள் அதை விட்டுவிட்டார்கள். அவ்வாண்டு காய்ப்பு கெட்டது. செய்தி எட்டியபோது, அது தமது சொந்தக் கருத்து மட்டுமே என்றும், அல்லாஹ்விடமிருந்து அறிவிப்பதையே கட்டாயம் பற்றிக்கொள்ள வேண்டும் என்றும், உலகத் தொழில்களை அவற்றைச் செய்வோரே நன்கறிவர் என்றும் நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள்.

அந்த விளைச்சலைக் குறிக்க ஓர் அறிவிப்பில் ‘ஷீஸ்’ என்ற சொல் வருகிறது. பேரீச்சம் பாளை வெடித்தபின் சூலகமுடிகள் மகரந்தத்தை ஏற்பது சில நாட்களே. அது தவறினால் கொட்டையில்லாத, சரியாகப் பழுக்காத சிறுகாய்களே மிஞ்சும். அதுவே ‘ஷீஸ்’. இன்றும் பேரீச்சைத் தோட்டங்களில் கையால்தான் மகரந்தம் சேர்க்கிறார்கள்.

சிந்தியுங்கள்! வஹீ இறங்கிய நபியவர்களே தோட்டக்காரரின் அறிவை அவருக்கு உரியதாக விட்டார்கள். நாமோ தோட்டத்தில் கால் வைக்காமலேயே மிம்பரில் தாவரவியல் பேசுகிறோம். நம் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுப் பள்ளிப் பாடநூலைத் திறக்கிறார்கள். அங்கே வேறொன்று இருந்தால் எதைச் சந்தேகிப்பார்கள்? பேச்சாளரையா, வேதத்தையா? இந்த ஆபத்தை யார் எண்ணிப் பார்த்தோம்?

சில பெற்றோர் வேறு விதமாகத் தடுக்கிறார்கள். பூவின் ஆண் உறுப்பு, பெண் உறுப்பு பற்றி மதரஸாவில் பேசுவது வெட்கத்துக்குரியதாம்! பூமி முளைப்பிப்பவை உள்ளிட்ட அனைத்தையும் இணைகளாகப் படைத்ததாக யாஸீன் அத்தியாயத்தில் அல்லாஹ்வே கூறுகிறான். பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம் என்பதை இந்த ஊரில் அறியாதவர் யார்? அதில் வராத வெட்கம் பாடத்தில் மட்டும் எங்கிருந்து வந்தது?

ஆகவே உழவுக் குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுதான். பூக்கும் காலத்தில் காலை மருந்தை நிறுத்துங்கள். தெளித்தே தீரவேண்டுமெனில், பரங்கிப் பூ மூடியபின் அஸருக்குப் பிறகு தெளியுங்கள். தேனீ குறைந்திருந்தால், ஃபஜ்ர் தொழுது வந்ததும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் சூலகமுடியில் தடவுங்கள். பீர்க்கு மாலையில் மலர்வது. அதற்கு அந்தி நேரமே ஏற்றது. பேச்சாளர்களே, அடுத்த முறை அவ்வசனத்தை ஓதுமுன் ஓர் உழவரிடம் அரைமணி நேரம் அமர்ந்து கேளுங்கள்.

அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொள்ளும் பணிவையும், கேட்டுக் கற்கும் ஆர்வத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.