சுற்றும் போல்ட்டும் சொல்லாத வாயும்



பெங்களூரில் வேலை பார்க்கும் உங்களில் சிலர் சனி, ஞாயிறு வந்தால் ராமநகரம், பாதாமி என்று பாறை ஏறக் கிளம்பிவிடுகிறீர்கள். படங்களைப் பார்க்கிறேன், சந்தோஷம். "இதெல்லாம் தேவையா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கமெண்டில் கேட்கிறார்கள். போகாதே என்று நான் சொல்லமாட்டேன். பாறையில் அடித்திருக்கும் போல்ட்டைப் பார்க்கத் தெரிந்துகொண்டு போங்கள் என்பேன்.

காரபைனர் மாட்டும் ஹேங்கர் தட்டு கைபட்டதும் சுற்றுகிறதா? அலறவும் வேண்டாம், "எல்லா இடத்திலும் அப்படித்தான் சார்" என்ற அலட்சியமும் வேண்டாம். எது சுற்றுகிறது என்று பாருங்கள்.

தட்டு மட்டும் சுற்றி, போல்ட் அசையாமல் இருந்தால் பெரும்பாலும் நட்டு தளர்ந்திருக்கும். விஷயம் தெரிந்தவர் ஸ்பேனரால் அளவாக இறுக்கினால் சரியாகும். முரட்டுத்தனமாக இறுக்கினால் போல்ட்டே பழுதாகும்.

நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றினால் கதை வேறு. நட்டை முறுக்கும்போது போல்ட் சற்று வெளியே இழுபட்டு, உள்ளே இருக்கும் கூம்பு முனை தன்மேல் உள்ள தகட்டை விரித்து, துளையின் சுவரை இறுகப் பிடிக்க வேண்டும். போல்ட்டே சுற்றுகிறது என்றால் அந்தப் பிடி இல்லை. அதை நம்பாதீர்கள். பசை ஊற்றிப் பதித்த போல்ட் இம்மி அசைந்தாலும் பசை விட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கு ஸ்பேனர் வைத்தியம் கிடையாது.

போல்ட் வெளியே துருத்தி நிற்கிறதா, துளையைச் சுற்றி விரிசல் உண்டா, துரு வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ராமநகரம் கருங்கல். பாதாமி மணற்கல், அதைவிட மென்மையானது. அங்கே இரண்டு முறை பாருங்கள்.

ஆடாத போல்ட் எல்லாம் நல்ல போல்ட் என்றும் இல்லை. தாய்லாந்தின் ரெய்லே, டோன்சாய் கடற்கரைப் பாறைகளில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளே உப்புக்காற்றில் உள்ளுக்குள் விரிசல் விட்டன. அங்கே டைட்டானியம் போல்ட்டுகளாக மாற்றி வருகிறார்கள்.

ஐரோப்பியத் தரம் இ.என். 959, பக்கவாட்டு இழுப்புக்கு 25 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது. ஏறக்குறைய இரண்டரை டன் எடை. பாறையில் பிடிப்பே இல்லாதபோது அந்த எண்ணால் என்ன பயன்?

"நேற்று நாலு பேர் ஏறினார்களே" என்பீர்கள். ஏறினார்கள், சரி. அந்த போல்ட்டில் விழுந்தார்களா? விழாதவரை அது தேர்வே எழுதவில்லை. எழுதாத தேர்வுக்கு நான் மார்க் போட்டதில்லை, உங்களுக்கே தெரியும்.

என் உண்மையான வருத்தம் வேறு. சுற்றும் போல்ட்டைப் பார்த்தும், "நாம் தப்பித்தோம்" என்று பேசாமல் இறங்கிவிடுகிறார்களே, அதுதான். அந்த போல்ட்டுகளைப் பெரும்பாலும் உங்களைப்போல் ஏறுகிறவர்களே அடித்திருக்கிறார்கள். தகவல் போனால்தான் சரிசெய்வார்கள். எந்தப் பாதை, கீழிருந்து எத்தனையாவது போல்ட், தட்டு மட்டும் சுற்றுகிறதா, போல்ட்டுமா என்று ஒரு படத்தோடு உங்கள் ஏறும் குழுவில் எழுதுங்கள். கீழே காத்திருப்பவரிடம் வாயாலும் சொல்லுங்கள். அடுத்து ஏறுவது யார் வீட்டுப் பிள்ளையோ.