ஏரிக்கரையில் அம்மாவுக்கும் ஒரு நாள்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

விடுமுறை என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, “எங்கே போகலாம்?” என்பதுதான். மதுரை, திண்டுக்கல், தேனி, வத்தலக்குண்டு ஆகிய ஊர்களில் வாழும் குடும்பங்களுக்குக் கடற்கரை தூரம், மலையோ பக்கம். அதிகாலையில் புறப்பட்டுக் கொடைக்கானல் ஏரிக்கரையில் பகலைக் கழித்துவிட்டு, இரவே வீடு வந்து சேர்ந்துவிடலாம். சலேத் மாதா ஆலயத்திற்குச் செல்பவர்களும் ஏரியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆனால் அந்த ஒரு நாள், குடும்பத்தில் உள்ள அனைவருக்கும் இன்ப நாளாக அமைகிறதா? இதைப் பற்றி என் மனத்தில் தோன்றும் கருத்துகளைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ஏரியைப் பற்றிச் சில செய்திகள். இது இயற்கையாகத் தோன்றியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது மனிதர் உழைப்பால் உண்டானது. மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863 ஆம் ஆண்டில் ஓடைகளின் நீரைத் தேக்கி இந்த ஏரியை அமைத்தார். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பில், நட்சத்திரம் போல் கைகளை நீட்டிக்கொண்டு ஏரி கிடக்கிறது. 1890 இல் இங்கே படகுச் சங்கம் ஒன்று தோன்றியது. 1932 இல் பொதுமக்களும் அதன் படகுகளில் ஏற வழி பிறந்தது. பக்கத்தில் சுமார் 20 ஏக்கர் பரப்புள்ள பிரையண்ட் பூங்கா இருக்கிறது. மே மாதத்தில் அங்கே மலர்க் கண்காட்சி நடக்கும். ஏரியைச் சுற்றிச் செல்லும் சாலை சுமார் 5 கிலோமீட்டர். அதில் நடப்பதற்குக் கட்டணம் கிடையாது. குளிர்ந்த காற்று, தண்ணீரில் ஆடும் மர நிழல், மிளகாய்ப் பொடியும் உப்பும் எலுமிச்சையும் தடவிய சுட்ட சோளம் ஆகிய இன்பங்களுக்குப் பெரிய செலவும் ஆவதில்லை. ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி எல்லாக் குடும்பங்களும் போய் வரத் தகுந்த இடம் இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் நம் குடும்பங்கள் அங்கே போகும் விதத்தைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஐந்து மணிக்கு வண்டி என்றால் அம்மா இரண்டு மணிக்கே எழுந்துவிடுகிறார். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், சின்னத் தம்பிக்கு இட்லி, தாத்தாவுக்குக் காரமில்லாமல் ஒரு டப்பா என்று எல்லாம் தயாராகின்றன. மலைப்பாதை வளைவுகளில் குழந்தைகளுக்குத் தலை சுற்றினால் எலுமிச்சம்பழத்துடன் பக்கத்தில் இருப்பவரும் அம்மாதான். ஏரிக்கரை வந்ததும் அப்பாவும் அண்ணனும் படகுக்குச் சீட்டு வாங்க ஓடுகிறார்கள். அம்மா போர்வையை விரித்து, பைகளுக்குக் காவலாக உட்காருகிறார். பிறகு பரிமாறுதல், பாத்திரம் கழுவுதல், துணி மாற்றிவிடுதல். வீட்டில் நான்கு சுவருக்குள் செய்த வேலையை அன்று திறந்த வெளியில் செய்கிறார். அடுப்படி இடம் மாறியதே தவிர, அம்மாவுக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

“அம்மா அதை அன்போடு செய்கிறார், அதில்தான் அவருக்கு மகிழ்ச்சி” என்று சிலர் சொல்லலாம். அம்மாவின் அன்பை நான் மறுக்கவில்லை. அவர் கைச் சோற்றின் ருசி எந்த ஓட்டலிலும் கிடைக்காது என்பதும் உண்மையே. ஆனால் அன்பு காட்டும் கடமை வீட்டில் ஒருவருக்கு மட்டும் உரியதா? அன்பைப் பெறுகிறவர்கள் ஒருநாளாவது அதைத் திருப்பித் தர வேண்டாமா?

ஏரிக்கரை உணவு என்றதும் எனக்கு நற்செய்தியில் வரும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. கலிலேயக் கடல் என்று பெயர் பெற்றிருந்தாலும் அது ஒரு நன்னீர் ஏரிதான். இரவெல்லாம் வலை வீசிக் களைத்துப்போன சீடர்கள் விடியற்காலையில் கரைக்கு வந்தபோது, அங்கே கரி நெருப்பு மூட்டப்பட்டு, அதன்மேல் மீன் வெந்துகொண்டிருந்தது. அப்பமும் இருந்தது. உயிர்த்தெழுந்த இயேசு ஆண்டவரே அவர்களை உணவருந்த அழைத்தார். தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். புனித அருளப்பர் தம் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் இதை எழுதியிருக்கிறார். களைத்து வந்தவர்களுக்குக் கரையில் உணவு தயாராக வைத்திருந்தவர் நம் ஆண்டவர். அப்படியிருக்க, அப்பாவோ அண்ணனோ ஒருநாள் சோற்று மூட்டையைப் பிரித்துப் பரிமாறினால் அவர்கள் மதிப்புக் குறைந்துவிடுமா? நிச்சயம் குறையாது, கூடத்தான் செய்யும்.

எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளின் நிலையையும் சொல்ல வேண்டும். தம்பி வாடகைச் சைக்கிளில் ஏரியைச் சுற்றி வருவான். அக்கா தட்டுகளை எடுத்து வைப்பாள். படகில் ஏறினாலும், “நீ சும்மா உட்கார், துடுப்பை அவனிடம் கொடு” என்பார்கள். துடுப்பு வலிக்கப் பெண்ணின் கைக்கும் பலம் உண்டு. பள்ளியில் வளைபந்தும் கோகோவும் ஆடுகிற எங்களுக்கு, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் மிதிப்பது பெரிய காரியமா?

பெண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் இன்னொரு துன்பமும் உண்டு. வெளியூர் போகும் நாளில் நம் வீட்டுப் பெண்கள் பலர் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிப்பதில்லை. காரணம், சுத்தமான கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம். குடும்பத்துடன் வந்து மகிழும் இடம் என்று ஓர் இடத்தைச் சொல்ல வேண்டுமானால், அங்கே பூச்செடிகளுக்கும் ஊஞ்சலுக்கும் முன்பாக, தண்ணீர் வசதியுடன் தாழ்ப்பாள் சரியாக இருக்கும் கழிப்பறையும், கைக்குழந்தைக்குப் பாலூட்ட ஒரு மறைவிடமும், முதியவர்கள் உட்கார நிழலில் பெஞ்சும் இருக்க வேண்டும். எந்த ஊர் ஏரிப் பூங்காவானாலும் அதை நிர்வகிப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியவை இவையே என்பது என் தாழ்மையான கருத்து.

இனி, நாம் கிளம்பிய பிறகு கரை எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். சாப்பிட்ட இலை, காகிதத் தட்டு, பிஸ்கட் உறை எல்லாம் புல்லில் கிடக்கும். தானாக அவை மறைந்து போவதில்லை. மறுநாள் காலைக் குளிரில் ஒரு தாய் குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்குகிறார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. நம் அம்மாவின் தலையில் ஏற்றிய வேலையில் மிச்சத்தை இன்னோர் அம்மாவின் தலையில் ஏற்றிவிட்டு வருகிறோம் என்பதே இதன் பொருள். அதே கலிலேயக் கரையோரம் ஐயாயிரம் பேர் புல்தரையில் அமர்ந்து உண்டார்கள். மிஞ்சிய துண்டுகளை வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார் ஆண்டவர். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. ஐயாயிரம் பேர் உண்ட இடத்தில் முடிந்தது, ஐந்து பேர் உண்ணும் நம் போர்வையில் முடியாதா?

காற்றில் பறந்து தண்ணீரில் விழுவது அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஏரி நிரம்பி வழியும் நீர்தான் மலைப்பாதையில் நாம் வண்டியை நிறுத்திப் பார்க்கும் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. மேலே நாம் எறிவது கீழே வாழ்கிறவர்களைத் தேடிச் செல்லும். “பெரிய தொழிற்சாலைகளே நீரைக் கெடுக்கும்போது ஒரு காகிதக் கப் என்ன செய்துவிடும்?” என்று கேட்பவர்கள் உண்டு. கொடைக்கானலில் 2001 ஆம் ஆண்டு மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் இந்த ஏரி நீரிலும் மீன்களிலும் காணப்பட்டதை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அது பெருங்கேடு, அதைத் தட்டிக் கேட்க வேண்டியதும் நியாயமே. ஆனால் கேட்பவர் கை சுத்தமாக இருந்தால்தானே கேள்விக்கு வலிமை பிறக்கும்?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கொடைக்கானலுக்கும் உதகைக்கும் வரும் வண்டிகள் மிகுந்துவிட்டதால், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையும் வந்தது. சட்டம் வண்டிகளை எண்ணலாம். கரையில் நாம் விரிக்கும் போர்வைக்குப் பக்கத்தில் அது வந்து நிற்க முடியாது. அங்கே நம் மனச்சாட்சிதான் காவல்.

ஆகவே, அன்புத் தோழியரே, அடுத்த விடுமுறைக்கு இப்படிச் செய்து பார்ப்போம். முதல் நாள் இரவே வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வோம். வெங்காயம் நறுக்குவது ஒருவர், புளி கரைப்பது ஒருவர், பை கட்டுவது ஒருவர். நான்கு வகைச் சோறு வேண்டாம். தயிர்சாதமும் ஊறுகாயும் பழமும் போதும். வேண்டியதை அங்கேயே நாலு பேர் சேர்ந்து வாங்கிச் சாப்பிடலாம். எவர்சில்வர் தூக்கும் டம்ளரும் கொண்டு போவோம். பைகளுக்குக் காவல் இருப்பதை முறை வைத்து மாற்றிக்கொள்வோம். முதல் படகில் அம்மாவும் பாட்டியும் ஏறட்டும். குப்பையைப் பையில் கட்டி நம்மோடு எடுத்து வருவோம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகனுக்குப் பரிமாறக் கற்றுக்கொடுங்கள். மகள் கையில் துடுப்பைக் கொடுங்கள். எங்களைக் கண்டித்தும் அரவணைத்தும் வளர்க்கும் அருட்சகோதரிகள், தம் வேலையைத் தாமே செய்வது இழிவல்ல என்று எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். அந்தப் பாடம் பெண்கள் பள்ளியின் மதில் சுவருக்குள் மட்டும் நின்றுவிடக் கூடாது. ஆண்பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும் வர வேண்டும்.

ஏரியின் தண்ணீர் எல்லோருக்கும் பொது; காற்றும் பொது. வேலையும் ஓய்வும் பொதுவாகிவிட்டால், குடும்பத்தோடு போய் வந்தோம் என்று அன்றைக்கு நாம் மனநிறைவோடு சொல்லலாம்.