போல்ட் ஓட்டை பொருந்தினால் போதுமா?

விருத்தாசலம் பாலக்கரை அருகே ஒரு மாப்பிள்ளை அழைப்பு. நாதஸ்வரத்துக்குப் பின்னால் பூச்சரம் தொங்க ஒரு ஃபோர்டு மாடல் ஏ. 1929 என்றார் சொந்தக்காரர். பளபளக்கிற ரேடியேட்டர், தவளைக்கண் விளக்குகள். தொண்ணூறு தாண்டிய வண்டி, மாப்பிள்ளையைவிட மிடுக்காக இருந்தது. பார்வையைக் கீழே இறக்கினேன். சப்பென்று ஆகிவிட்டது. நாலு சக்கரமும் ஜீப்பினுடையவை!

"ஜீப் வீல்தான் சார். போல்ட் ஓட்டை அப்படியே உக்காந்துடுச்சு. ஒரிஜினல் டயருக்கு எங்க போறது?"

உட்காரத்தான் செய்யும். இரண்டிலும் ஐந்து போல்ட். அவை அமைந்திருக்கும் வட்டத்துக்கு ஐந்தரை அங்குல விட்டம். இந்தப் பொருத்தம் ஒன்றை நம்பித்தான் இத்தனை அநியாயமும் நடக்கிறது. பத்துப் பொருத்தத்தில் ஒன்று மட்டும் பார்த்துப் பெண் கொடுப்பார்களா? வண்டி என்றால் மட்டும் கொடுத்துவிடுகிறோம்.

கணக்கு ஒன்றும் பெரிசில்லை. 1929 மாடல் ஏ-க்கு ஃபோர்டு கொடுத்தது 4.50-21 டயர். 21 அங்குல ரிம், மேலும் கீழும் நாலரை. மொத்த உயரம் சுமார் 30 அங்குலம். ஜீப்புக்கு 6.00-16. அதே கூட்டல், 28 வரும். ஒரு சுற்றுக்கு ஆறு அங்குல ஓட்டம் குறைகிறது. மீட்டர் அறுபது காட்டும்போது வண்டி ஓடுவது ஐம்பத்தாறு. என்ஜினோ அறுபதுக்கான மூச்சை வாங்கிக்கொண்டிருக்கும். நாலரை அங்குல அகலத்துக்குச் செய்த ஸ்டியரிங் இப்போது ஆறு அங்குல ரப்பரைத் திருப்ப வேண்டும். பவர் ஸ்டியரிங் எல்லாம் அப்போது ஏது? திருப்பத்தில் டிரைவர் ஏறக்குறைய எழுந்து நின்றுதான் வளைத்தார். ஊர்வலத்தில் அதையும் ஒரு ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அந்தக் காலத்துக் கார்களுக்கு ஏன் ஒல்லியான, உயரமான சக்கரம்? அழகுக்காக இல்லை. தார் ரோடு அரிது; வண்டித்தடம், சேறு, பள்ளம். உயரச் சக்கரம் பள்ளத்தில் முழுசாக விழாது. ஒல்லிச் சக்கரம் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் கெட்டி மண்ணைத் தேடும். நம்மூர் மாட்டு வண்டிச் சக்கரம் மார்பளவு உயரத்தில் இருந்ததற்கும் இதுதான் காரணம். தச்சர் அதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

மாடல் ஏ-யில் தப்பு செய்தால் கை வலிக்கும், என்ஜின் திணறும். அதற்கு முந்தைய மாடல் டி-யில் தப்பு செய்தால் உயிரே போகலாம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார்கள். அதன் பழைய டயருக்குக் கிளிஞ்சர் என்று பேர். இன்றைய டயர் விளிம்பில் இருப்பதுபோல எஃகுக் கம்பி வளையம் அதில் கிடையாது. ரப்பர் உதடு ஒன்று ரிம்மின் மடிப்புக்குள் செருகிக்கொண்டு நிற்கும். அதை அங்கே பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். 55, 60 என்று அடிக்க வேண்டும். பங்க்சர் கடைக்குப் போனால் என்ன சொல்வார்கள்? "காருன்னா முப்பதுதான் சார்." முப்பது அடித்த கிளிஞ்சர் வளைவில் ரிம்மை விட்டுக் கழன்று போகலாம். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் அந்த டயரைப் பார்த்திருக்கவே மாட்டார். லட்சக்கணக்கில் கொட்டி வண்டியை வாங்கியவர் சொல்லியிருக்க வேண்டாமா?

பேரிலும் ஒரு குழி இருக்கிறது. மாடல் டி-யின் 30x3½ டயரில் 30 என்பது டயரின் வெளி விட்டம். ரிம் 23 அங்குலம்தான். 4.50-21-இல் 21 என்பது ரிம். இன்றைய 185/65 ஆர் 15-இல் முதல் எண் மில்லிமீட்டர், நடுவில் இருப்பது சதவீதம், கடைசி மட்டும் அங்குலம். மூன்று தலைமுறை, மூன்று பாஷை. எண்ணைப் பார்த்து போனில் ஆர்டர் கொடுப்பவர்கள் எந்த பாஷை என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் விருத்தாசலத்தில் நின்று சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு வேடிக்கை. பீங்கான் ஊர் இது. களிமண் காயும்போதும் சுருங்கும், சூளையில் வேகும்போதும் சுருங்கும். வெந்தபின் வரவேண்டிய அளவை முன்னாலேயே கணக்குப் போட்டு அச்சைப் பெரிதாகச் செய்வார்கள். கொஞ்சம் பிசகினாலும் ஃப்யூஸ் கேரியர் அதன் கூட்டில் உட்காராது. ஒரு ஃப்யூஸுக்கு இத்தனை மெனக்கெடுகிற ஊரில், ஆறு பேர் உட்கார்ந்து போகிற வண்டிக்கு "உக்காந்துடுச்சு சார்" போதுமாம்!

அசல் டயர் கிடைக்கவில்லை என்பதை முழுசாக நம்பமாட்டேன். பழைய அளவுகளில் இன்றும் வெளிநாடுகளில் டயர் செய்கிறார்கள். விலை அதிகம், வாஸ்தவம். உள்ளே தோல் சீட்டுக்கும் வெளியே பெயின்ட்டுக்கும் கொட்டிய பணத்துக்கு முன்னால் அது எவ்வளவு? கிளிஞ்சர் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு ஃபோர்டே வழி விட்டிருக்கிறது. 1920-களின் நடுவில் மாடல் டி-க்கு 21 அங்குல ரிம்மும் குறைந்த காற்றில் ஓடும் பலூன் டயரும் வந்தன. அந்தச் சக்கரம் போட்டால் யாரும் வரலாற்றைக் கெடுத்ததாகச் சொல்ல முடியாது. வாங்கும்போது டயர் ஓரத்தில் நாலு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2219 என்றால் 2019-இன் 22-வது வாரம் செய்தது. பட்டன் தேயவில்லையே என்பார்கள். ஷெட்டில் நின்றே ரப்பர் செத்துப்போகும். பட்டன் அப்படியே இருக்கும்.

அரசாங்கமும் இதில் சேர்த்தி. 2021 ஜூலையில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவில் இருக்க வேண்டும், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' எழுத்து. அதில் பதிந்தால் வாடகைக்கும் விடக்கூடாது, தினமும் ஓட்டவும் கூடாது. எல்லாம் சரி. ஆனால் கூடாத மாற்றம் என்று பேர் சொல்லிக் குறிப்பிடுவது சேஸிஸ், பாடி, என்ஜின். சக்கரத்தின் பேர் அதில் இல்லை. வண்டி தரையைத் தொடுவதே அந்த நாலு இடத்தில்தானே ஐயா! வண்டியைப் பார்க்கப்போகும் மாநிலக் குழு, சேஸிஸ் நம்பரைப் படித்த கையோடு ஒரு டேப்பை எடுத்து ரிம்மையும் அளக்கட்டும். தயாரித்த கம்பெனி சொன்ன அளவு அந்தப் படிவத்தில் ஒரு வரியாக ஏறட்டும்.

சொந்தக்காரரிடம் இதில் பாதியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "கல்யாண ஆல்பத்துல டயர் தெரியாது சார்" என்றார்.