வாய்பாடு தெரிந்த வீட்டை நிறுவையில் ஏமாற்ற முடியாது



"தோட்டத்துப் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது." இந்தப் பேச்சை ஆபீசில் கேட்டிருக்கிறோம். பாடசாலையில் ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறோம். வெட்கத்தோடு சொல்கிறோம், நம் லயத்து வாசலிலும் கேட்கிறோம். இது பொய். இந்தப் பொய்யால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

நம் முன்னோரின் கடனைக் கங்காணி எழுதி வைத்தார். கூட்டிப் பார்க்க நம்மவருக்குத் தெரியவில்லை. அந்தக் கடன் துண்டில் ஏறியது. அதைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டு முறை 1921 இல் ஒழிந்தது. ஆனால் கணக்கு ஒரு பக்கத்தார் கையில் மட்டும் இருக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

நிறுவைக்கு வாருங்கள். தண்ணிக்கு, சாக்குக்கு என்று ஒரு நிறுவையில் 2 கிலோ கூடுதலாகக் கழித்தால், மூன்று நிறுவைக்கு 6 கிலோ. 25 நாளைக்கு 150 கிலோ. 20 கிலோவுக்கு ஒரு பேர் என்றால், ஏழரைப் பேருக்கான கொழுந்து போய்விட்டது. இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் வேண்டாம். வாய்பாடு போதும்.

சம்பளச் சிட்டையும் அப்படித்தான். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாவை எடுத்துக்கொள்வோம். 25 நாளைக்கு 33,750 ரூபா. சேமலாப நிதிக்கு நம்மிடம் பிடிப்பது 8 வீதம், 2,700 ரூபா. நிர்வாகம் தன் பங்காகப் போட வேண்டியது 12 வீதம், 4,050 ரூபா. இதை வீட்டில் போட்டுப் பார்க்கும் பிள்ளை எத்தனை லயத்தில் இருக்கிறது?

"அதைச் சொல்லிக் கொடுக்கத்தானே வாத்தியார்மார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைகளுக்கு ஆசிரியர் கேட்டுச் சங்கம் போராடுகிறது, இனியும் போராடும். ஆனால் நியமனம் வரும்வரை பிள்ளையின் வயது காத்திருக்காது. மூன்றாம், நான்காம் வகுப்பில் வாய்பாடு பதியாத பிள்ளை பின்னத்தில் தடுமாறும், வீதத்தில் விழும், சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல் வீட்டில் நிற்கும். "போனில் கணக்குப் போடலாமே" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: பரீட்சை மண்டபத்துக்குள் போன் போகாது. நிறுவைத் தராசுக்கு முன்னால் சாக்கைப் பிடித்து நிற்கும் கையில் போனுக்கு இடமில்லை.

பயப்பட ஒன்றுமில்லை. பத்தாம் வாய்பாடு வரை 100 விடைகள். 3 தரம் 7 உம், 7 தரம் 3 உம் ஒன்றுதான் என்று காட்டினால் அது 55 ஆகிவிடும். 1, 2, 5, 10 பிள்ளைக்குச் சுலபம். அவற்றைக் கழித்தால் மிச்சம் 21 மட்டுமே. வாரத்துக்கு ஒன்று என்றாலும் ஐந்து மாதம்தான்.

பழைய கலண்டர் தாளை வெட்டுங்கள். முன்பக்கம் 7 × 8, பின்பக்கம் 56. இராத்திரி சோற்றுக்கு முன் பத்து நிமிடம் கேளுங்கள். தண்ணீருக்குப் போகும்போதும் கேளுங்கள். வரிசையாக ஒப்புவிக்க விடாமல் மாற்றி மாற்றிக் கேளுங்கள். மறந்தால், தெரிந்ததிலிருந்து நடக்கட்டும்: ஏழேழு 49, இன்னொரு ஏழு, 56. உங்களுக்கு வாசிக்கத் தெரியாதா? மூத்த பிள்ளை தாளைப் பிடிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாலே பிள்ளைக்கு உற்சாகம் வரும்.

அடிக்க மட்டும் வேண்டாம். பயந்த பிள்ளை விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு எண்ணும், மனதில் ஒன்றும் நிற்காது. ஆசிரியர்களான நமக்கும் இது பொருந்தும். பிரம்பால் கணக்கை வெறுக்க வைத்தவர்களில் நாமும் உண்டு.

மாதக் கடைசியில் சிட்டை வந்ததும் பிள்ளையின் கையில் கொடுங்கள். எத்தனை பேர், எத்தனை கிலோ, எவ்வளவு பிடிப்பு என்று அது போட்டுப் பார்க்கட்டும். பிழை இருந்தால் சிட்டையோடு தோட்டத் தலைவரிடம் வாருங்கள். கேட்பது சங்கத்தின் வேலை.

கொழுந்து நம் கையால் வருகிறது. அதன் கணக்கும் நம் வீட்டில் இருக்கட்டும்.