தகாதது எண்ணா, பெயரா?

நான்கு பங்காக்கிய ஒரு மாங்கனியில் மூன்று பங்கை எடுத்தால் 3/4. அதில் ஏழு பங்கை எடுப்பது எவ்வாறு? 7/4 என்னும் எண்ணைக் கண்டு மாணவர் மருள்வது இவ்விடத்தேதான். அம்மருட்சியை நீக்க வேண்டிய பாடநூலோ, 3/4-ஐத் 'தகு பின்னம்' என்றும் 7/4-ஐத் 'தகா பின்னம்' என்றும் பெயரிட்டு அதனை வளர்க்கின்றது. தகாதது எனின், தவறானது, விலக்கத்தக்கது என்பதன்றோ தமிழில் பொருள்? ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு இது. பின்னம் என்பதோ வடசொல்.

எண்கோடு இப்பழியைத் துடைக்கும். ஒரு நேர்க்கோட்டில் 0, 1, 2 என ஒத்த இடைவெளியில் குறிக்க. 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட தொலைவை நான்கு ஒத்த கூறாக்குக. ஒவ்வொரு கூறும் 1/4. 0-இலிருந்து மூன்று கூறு நடந்தால் 3/4; அது 1-ஐ எட்டாது. நான்கு கூறு நடந்தால் 4/4, அஃதாவது 1. அங்கு நில்லாது அதே அளவில் மேலும் மூன்று கூறு சென்றால் 7/4, அஃதாவது ஒன்றே முக்கால். 3/4-க்கு எத்துணை உறுதியாக ஓரிடம் உண்டோ, 7/4-க்கும் அத்துணை உறுதியாக உண்டு. இதில் தகாதது யாது?

ஒன்றை மட்டும் ஆசிரியர் வற்புறுத்தல் வேண்டும். நான்காகக் கூறிட வேண்டியது 0 முதல் 2 வரையுள்ள முழுக்கோட்டையன்று, ஒவ்வோர் ஒன்றையுமே. முழுக்கோட்டையும் நான்காக்கும் மாணவன் 3/4-ஐ ஒன்றரையில் கொண்டுபோய் வைப்பான்.

ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றே முக்கால் என முழுமையையும் கூற்றையும் ஒருசேரச் சொல்லும் மொழி தமிழ். 'அரை' என்பதைத் தொல்காப்பியர் பால்வரை கிளவி என்றார். பொருளின் கூற்றை உணர்த்தும் சொல் என்பது கருத்து. முழுவெண்களை மேல்வாயிலக்கம் என்றும், கூற்றெண்களைக் கீழ்வாயிலக்கம் என்றும் பழந்தமிழ்க் கணக்காயர் வழங்கினர். இவையெல்லாம் அளவைச் சுட்டும் பெயர்களேயன்றி எண்ணைப் பழிக்கும் பெயர்கள் அல்ல.

ஆகலின், ஒன்றிற் குறைந்ததைக் குறைகூறு என்றும், ஒன்றை நிறைத்தோ கடந்தோ நிற்பதை நிறைகூறு என்றும் வழங்குதல் நன்று. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் 7/4 என்னும் வடிவே எளிது. அளந்து சொல்வதற்கு ஒன்றே முக்கால் எளிது. இரண்டும் ஒரே புள்ளியின் இரு பெயர்கள்.

பாடநூல் திருந்தும் நாள்வரை தமிழாசிரியரும் கணக்காசிரியரும் காத்திருக்க வேண்டுவதில்லை. முதலில் கோட்டை வரைந்து காட்டுக. எண்ணின் இடத்தை மாணவர் விரலாலேயே தொட்டறியச் செய்க. பெயரைப் பின்னர்க் கூறுக. இடமறிந்த எண்ணைக் கண்டு எந்தக் குழந்தையும் அஞ்சாது.