பெட்டியின் உயரத்துக்கா சம்பளம்?

கடந்த ஆண்டு திருக்கோவிலுக்கு அண்மையிலுள்ள கோயில் ஒன்றின் திருவிழாவில், இரவு இசை நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். எந்தக் கோயில், எந்தக் குழு என்பது இங்கு அவசியமில்லை. கடற்கரை மணலில் மேடை. இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேலாக அடுக்கிய கறுப்புப் பெட்டிகள். இளையராஜாவின் பழைய பாடல் ஒன்றை எடுத்தார்கள். அந்தப் பாடலில் பேஸ் கிற்றார் துணைக்கு நிற்பதில்லை; பாடகரோடு சமமாகப் பேசிக்கொண்டே வரும். மேடையில் நின்ற இளைஞனின் விரல்களை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு சுரமும் பிசகாமல் வாசித்தான். ஆனால் கீழே நின்ற எங்களுக்கு வந்து சேர்ந்தது என்ன? அடிவயிறு அதிர்ந்தது, பிளாஸ்ரிக் கதிரை அதிர்ந்தது, பக்கத்துக் கடையின் தகரம் அதிர்ந்தது. சுரம் மட்டும் கேட்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். இளமையில் நானும் சில காலம் அந்த நாலு தந்தியோடு மாரடித்தவன் என்பதால் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டேன்.

"சேர், எட்டு ஸ்பீக்கர் பெட்டி ஒண்டு எடுக்கப் போறன். அம்மாட காப்ப அடகு வெச்சாலும் பரவாயில்ல. அது மேடையில நிண்டாத்தான் கொமிற்றி ஆக்கள் நம்மள மதிப்பாங்க" என்றான்.

அந்தக் காப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எட்டுப் பத்தங்குல ஸ்பீக்கர்களை அடுக்கிய அந்தப் பெட்டி எதற்காகப் பிறந்தது என்று நம் பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை. 1969 இல் அமெரிக்காவின் அம்பெக் நிறுவனம் 300 வாட் வால்வு அம்பிளிபயர் ஒன்றையும் அதற்கென இந்தப் பெட்டியையும் கொண்டுவந்தது. அதே ஆண்டு ரோலிங் ஸ்ரோன்ஸ் குழு தன் அமெரிக்கப் பயணத்தில் அவற்றை எடுத்துச் சென்றது. அக்காலத்தில் அரங்கின் பொது ஒலியமைப்பு பெரும்பாலும் பாடகரின் குரலுக்கே உரியது. வாத்தியக்காரன் தன் ஒலியைத் தானே ஆயிரக்கணக்கானோருக்குத் தள்ள வேண்டியிருந்தது. அதனால் அலமாரி போன்ற பெட்டி தேவைப்பட்டது. அந்த வகைப் பெட்டி ஒன்று அறுபது கிலோவுக்கு மேல் நிறை கொண்டது.

இன்று நிலைமை வேறு. பேஸ் கிற்றாரின் வயர் ஒரு டி.ஐ. பொக்ஸ் ஊடாக மிக்சருக்குப் போகிறது. அங்கிருந்து சபைக்கான பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போகிறது. சபைக்குக் கேட்பது அதுதான். வாத்தியக்காரனின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பெட்டி அவனுக்கும் டிரம்ஸ்காரனுக்கும் பக்கத்தில் நிற்கும் பாடகருக்கும் மட்டுமே. நாலைந்து பேர் கேட்பதற்கு எட்டு ஸ்பீக்கரா? அந்தப் பெட்டியை அவன் உரக்க வைக்க வைக்க, அதன் ஒலி பாடகரின் ஒலிவாங்கிக்குள் புகுந்து முழுக் கலவையையும் சேறாக்குகிறது. மிக்சரில் நிற்பவர் வேறு வழியின்றி மற்றவற்றை ஏற்றுகிறார். இந்தப் போட்டியில் வெல்பவர் எவரும் இல்லை.

அடுத்த மயக்கம் வாட். உள்ளூரில் செய்த பெட்டிகளின் முதுகில் "2000 வாட்" என்று வெள்ளை மையால் எழுதியிருப்பதைக் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை காணலாம். வாட் என்பது பெட்டி எவ்வளவு மின்னைத் தாங்கும் என்பதற்கான கணக்கு. எவ்வளவு ஒலி தரும் என்பதற்கானது அல்ல. ஒலியைச் சொல்வது வேறோர் எண்: ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் என்பது. 97 டெசிபெல் தரும் பெட்டிக்கும் 100 டெசிபெல் தரும் பெட்டிக்கும் இடையிலுள்ள மூன்று டெசிபெல்லை அம்பிளிபயரால் ஈடுசெய்ய வேண்டுமானால் அதன் வலுவை இரட்டிப்பாக்க வேண்டும். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் தேவை. அந்த டெசிபெல் எண்ணை எழுதிய உள்ளூர்ப் பெட்டி ஒன்றைக்கூட நான் இதுவரை கண்டதில்லை.

கல்முனையில் ஸ்பீக்கர் திருத்தும் காக்கா ஒருவர் இருக்கிறார். கருகிய வொயிஸ் கொயில்களை மாலை போலக் கோத்துச் சுவரில் தொங்கவிட்டிருப்பார். "இதெல்லாம் ரெண்டாயிரம் வாட் பெட்டிக்குள்ள இருந்து வந்ததுதான் தம்பி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினைந்தங்குலக் கதைக்கு வருவோம். "பதினைந்து அடிச்சத்தத்துக்கு, பத்து மேல்சத்தத்துக்கு, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பூரணம்" என்பது எங்கள் பகுதியில் வேதவாக்கு. ஸ்பீக்கரின் விட்டம் மட்டும் அது எவ்வளவு கீழே இறங்கும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. கோனின் நிறை, அதன் தொங்கலின் இறுக்கம், காந்தத்தின் வலு, பெட்டியின் உள்கனவளவு, காற்றுத் துவாரத்தின் நீளம் எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இதை ஒழுங்கான கணக்காக்கியவர்களில் ஒருவர் அவுஸ்திரேலியரான நெவில் தீல், 1961 இல். எழுபதுகளின் தொடக்கத்தில் ரிச்சர்ட் சிமோல் அதை விரித்தார். இன்றைக்கு அந்தக் கணக்கைப் போட்டுத்தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நன்றாகக் கணித்துச் செய்த இரண்டு பத்தங்குலப் பெட்டி, கணக்கில்லாமல் அடித்த பதினைந்தங்குலப் பெட்டியைவிட ஆழமாகப் பேசும். இரண்டு வேறு வகைப் பெட்டிகளைக் கலந்தால் சில சுரங்களில் ஒன்றையொன்று ஊட்டும், சில சுரங்களில் ஒன்றையொன்று விழுங்கும். எந்தச் சுரத்தில் எது நடக்கும் என்று மேடையில் ஏறிய பிறகே தெரியவரும்.

நமது தச்சர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2022 இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபின், வெளிநாட்டுப் பெட்டியை இங்கு வாங்குவது சாதாரண வாத்தியக்காரனுக்குக் கனவாகிவிட்டது. உள்ளூரில் செய்துகொள்வதுதான் வழி. ஆனால் நடப்பது என்ன? படத்தைப் பார்த்து வெளி அளவை மட்டும் பிரதி எடுக்கிறார்கள். உள்ளே கிடைத்த ஸ்பீக்கரைப் பூட்டுகிறார்கள். துவாரத்தை அழகுக்காக வெட்டுகிறார்கள். பலகையாவது நல்லதா என்றால் சிப்போட். திருக்கோவில் கடற்காற்றில் சிப்போட் இரண்டு மாரியைத் தாங்காது. ஈரம் உறிஞ்சி மூலை பொருக்கும், திருகாணி பிடி விடும், பெட்டி தானே கிறீச்சிடும். பதினைந்து அல்லது பதினெட்டு மில்லிமீற்றர் ப்ளைவூட், உள்ளே குறுக்குச் சட்டம், துருப்பிடிக்காத திருகாணி, வெளியில் நல்ல பூச்சு. ஸ்பீக்கர் எண்ணிக்கையில் நாலைக் குறைத்து அந்தக் காசைப் பலகையில் போடுங்கள் என்பேன்.

அப்படியானால் பெரிய பெட்டிக்கு நியாயமே இல்லையா? இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்கப் பொறியியலாளர் ஜே. அன்ரன் ஹொப்மன் சொன்ன விதி ஒன்று உண்டு: ஆழமான அடிச்சத்தம், சிறிய உடல், குறைந்த மின்னில் நிறைய ஒலி, இம்மூன்றில் இரண்டைத்தான் பெறலாம், மூன்றையும் கேட்டால் இயற்கை தராது. நடுத்தரப் பெட்டியை எடுப்பவன் ஆழத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிறான். நாலு தந்திக் கிற்றாரின் ஆகக் கீழ்ச் சுரம் 41 ஹேர்ட்ஸ். அதன் அலைநீளமே எட்டு மீற்றருக்கு மேல். இரண்டு பத்தங்குலப் பெட்டி அதை முழு வலுவுடன் தராது. தரத் தேவையுமில்லை. நமது காது 41 ஹேர்ட்ஸில் மந்தமானது. 82, 123 என்று மேலே அடுக்கடுக்காக வரும் மடங்குகளைக் கொண்டே மூளை அது எந்தச் சுரம் என்று அடையாளம் காண்கிறது. அன்றைய இரவு காணாமற்போனவை அந்த மடங்குகள்தாம். அடித்தளத்தை மட்டும் ஏற்றி மற்றதை வெட்டிவிட்டார்கள். டிரம்ஸின் உதையும் பேஸின் சுரமும் ஒரே இடியாகிவிட்டன.

ஆகவே நான் அந்தப் பையனுக்குச் சொன்னது இதுதான். இரண்டு பத்தங்குல ஸ்பீக்கருள்ள, எட்டு ஓம் பெட்டி ஒன்றை எடு. இருபது கிலோ அளவில் இருந்தால் தனியாகத் தூக்கலாம். ஓட்டோவின் பின்னிருக்கையில் போகும். லொறி வாடகை மிச்சம். மேடையில் தரையில் வைக்காதே, கதிரையில் ஏற்றிக் காதை நோக்கிச் சரித்துவை. முழங்காலுக்குக் காது இல்லை. ஒரு வருடம் வாசித்துப் பார். போதவில்லை என்றால் அதே அச்சில் இன்னொன்று செய்வி. இரண்டு எட்டு ஓம் சேர்ந்தால் நாலு ஓம். இன்றைய அம்பிளிபயர்களில் பெரும்பாலானவை அதை ஏற்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று நாலு ஓம் பெட்டிகள் இரண்டை மாட்டினால் இரண்டு ஓமுக்கு இறங்கும். அதன்பின் அம்பிளிபயரும் கல்முனைக் காக்காவின் கடைக்குத்தான் போகும்.

இதில் பணத்தைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு எட்டு மணிநேரம் 85 டெசிபெல் என்பது காது தாங்கக்கூடிய அளவென்று அமெரிக்கத் தொழில்நலத் துறை கணித்திருக்கிறது. மூன்று டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்குப் பதினைந்து நிமிடம். நமது நிகழ்ச்சிகளோ மணிக்கணக்கில் நீளுகின்றன. என் இடது காதில் முப்பது ஆண்டுகளாக ஒரு சில்வண்டு இரைகிறது. அக்காலத்தில் பெரிய பெட்டியோடு ஒட்டி நிற்பதே வீரம் என்று நினைத்தேன். செய்தியாளர் மாநாடுகளில் பின்வரிசையில் இருந்தால் பேசுவது விளங்காமல் முன்வரிசைக்கு நகர்ந்து நகர்ந்தே என் தொழில் வாழ்க்கை போயிற்று.

ஆனால் பையனைமட்டும் திருத்திப் பயனில்லை. அவனுக்குப் பெட்டி வாங்கச் சொல்வது நிருவாக சபைகளும் உபயகாரர்களும். குழுவை ஒப்பந்தம் செய்யும்போது யார் பாடுகிறார், யார் வாசிக்கிறார் என்று கேட்பதில்லை. "எத்தனை பெட்டி இறக்குவீங்க?" என்பதே முதற்கேள்வி. ஒலியமைப்பு வாடகைக்கு அள்ளிக்கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஏழெட்டு வாத்தியக்காரருக்குப் பிரித்துக்கொடுக்கிறார்கள். போர்க்காலத்தில் இரவு நிகழ்ச்சிகளே அருகிப்போயிருந்த இந்தக் கரையில் மறுபடி குழுக்கள் துளிர்த்தன. இப்போது அவையும் ஒரு கீபோட், ஒரு பாடகர், பதிவுசெய்த பின்னணி இசை என்று சுருங்குகின்றன. பேஸ்காரனின் சுரம் கேட்காத சபைக்குப் பேஸ்காரன் எதற்கு என்று அவர்கள் கேட்டால், என்னிடம் என்ன பதில் இருக்கிறது?

இந்த ஆண்டு ஆடி அமாவாசைக்கு முன் அவனைத் தம்பிலுவில் சந்தையில் கண்டேன். எட்டு ஸ்பீக்கர் பெட்டிக்கு முற்பணம் கட்டிவிட்டதாகச் சொன்னான். திருப்பிக் கேட்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னான். காப்பு இன்னும் அம்மாவின் கையில்தான் இருக்கிறதாம்.