மயக்க டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள்

ஆபரேஷன் என்றதும் நம் வீடுகளில் முதலில் கேட்பது, "டாக்டர் யாரு, கைராசிக்காரரா?" என்றுதான். மயக்க மருந்து கொடுக்கப் போவது யார் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஊசி போட்டுத் தூங்க வைப்பார்கள், அவ்வளவுதானே என்று ஒரு நினைப்பு.

அது தூக்கமே இல்லை. தூங்குகிறவனைக் கிள்ளினால் எழுந்துவிடுவான். முழு மயக்கத்தில் இருப்பவருக்குக் கத்தி பட்டாலும் தெரியாது. வயிற்றில் இருப்பது மேலே வந்து தொண்டையில் இறங்கினால் இருமி வெளியே தள்ளவும் முடியாது.

இன்று நரம்பு வழியாக அதிகம் போடப்படும் மயக்க மருந்து புரோபோஃபால். பார்க்கப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். தண்ணீரில் கரையாத மருந்து என்பதால் சோயா எண்ணெயும் முட்டையிலிருந்து எடுத்த லெசித்தினும் சேர்த்துக் கலக்குகிறார்கள். (இதைக் கண்டுபிடித்த ஜான் க்ளென் படித்தது கால்நடை மருத்துவம். 2018-இல் அவருக்கு லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.) ஏற்றும்போது கை எரியும், பயப்பட வேண்டாம். ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். கூடவே மூச்சும் நின்றுபோகலாம், ரத்த அழுத்தமும் இறங்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. பக்கத்தில் ஒருவர் நின்று மூச்சைக் கவனித்துக்கொள்ள வேண்டும், அதுதான் பாதுகாப்பு. 2009-இல் மைக்கேல் ஜாக்சன் இறந்தது இதே மருந்தால்தான். வீட்டுப் படுக்கையறையில், தூக்கம் வருவதற்காகப் போடப்பட்டது. போட்டவர் இதய மருத்துவர். முறையான கண்காணிப்புக் கருவிகள் இல்லை. 2011-இல் அவருக்குத் தண்டனை கிடைத்தது. அதே மருந்து உலகமெங்கும் ஆபரேஷன் தியேட்டர்களில் தினமும் பத்திரமாகப் போடப்படுகிறது. வித்தியாசம் பக்கத்தில் நிற்கும் ஆளில்தான்.

அந்த ஆளிடம்தான் நாம் பொய் சொல்கிறோம்!

என் பெரியப்பாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். காலை ஏழரைக்கு. ஐந்து மணிக்கு அரை டம்ளர் காபி குடித்துவிட்டு, நர்ஸ் கேட்டபோது "பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை" என்றார். தியேட்டர் வாசலில் பெரியம்மா, "காபிதான் குடிச்சார், வேற ஒண்ணும் சாப்பிடலை" என்று உளறிவிட்டார். மயக்க டாக்டர் நிறுத்திவிட்டார். மத்தியானத்துக்குத் தள்ளிப் போனது. பெரியப்பா ஒரு வாரம் பெரியம்மாவோடு பேசவில்லை. அரை டம்ளர் காபிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்கும் அன்றைக்குக் கோபம்தான்.

கணக்கு இதுதான்: எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி என்றால் 8 மணி நேரம். இட்லி மாதிரி லேசான உணவுக்கு 6. வெறும் தண்ணீருக்கு 2. பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது, அதற்கும் 6 மணி நேரம். பசியோடு இருக்கிறதே என்று குழந்தைக்கு ஒளித்து பிஸ்கட் கொடுக்கும் பாட்டிகளுக்கு இதை யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும். வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போனால் உயிரே போகலாம்.

மறைப்பது காபி மட்டுமா? குடியை மறைக்கிறோம், மகள் பக்கத்தில் நிற்கிறாள் என்று. அப்படியானால் அவளைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டாவது சொல்லுங்கள். பீடி, கஞ்சா, நாட்டு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை எல்லாமே அவருக்குத் தெரிய வேண்டும். உடல் எடை குறைய வாரம் ஒருமுறை போடும் ஊசியும்தான். அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், பட்டினி கிடந்தும் பலனில்லாமல் போகலாம். ஆடும் பல், கட்டுப் பல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். குழாய் வாய் வழியாகத்தான் போகும்.

குடும்பக் கதையும் முக்கியம். மயக்க ஊசியோடு தசைகளைத் தளர்த்தும் மருந்தும் போடுவார்கள். அதில் சக்சினைல்கோலின் என்று ஒன்று. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஆனால் அதை உடைக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு மணிக்கணக்கில் தசை அசையாது, அதுவரை எந்திரம்தான் மூச்சு விட வேண்டும். நம் பக்கத்தில் ஆரிய வைசிய சமூகத்தினரிடம் இந்தக் குறை அதிகம் என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. "அத்தைக்கு ஆபரேஷன் முடிஞ்சும் ரொம்ப நேரம் மூச்சு வரலை" என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்து போட்டுக்கொள்வார்.

தப்பு நம் பக்கம் மட்டும் என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் அச்சடித்த சம்மதப் படிவத்தை ராத்திரி பத்து மணிக்கு நீட்டி "இங்க சைன் பண்ணுங்க" என்றால் யார் என்ன கேட்பார்கள்? ஆனாலும் கேளுங்கள். மயக்க டாக்டரை முந்தின நாளே பார்க்க முடியுமா, கடைசிவரை கூடவே இருப்பாரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

எண்டோஸ்கோபி மாதிரி சின்ன விஷயங்களுக்கும் இப்போது இந்த ஊசி போடுகிறார்கள். அரை மணியில் தெளிந்தது போலத்தான் இருக்கும், உடனே பைக் சாவியைத் தேடுவோம். 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது, பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போய், ஆட்டோவில் திரும்பி வாருங்கள்.